பூஅர் தேநீர் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடியுங்கள்

சீனத் தேயிலைக் கடையிலிருந்து ஆசையாக ஒரு பூஅர் வட்டை, அதாவது தட்டு போல அழுத்திய தேயிலையை, வாங்கி வந்து, முதல் மடக்கிலேயே முகம் சுளித்து, "கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்று அலமாரி மூலையில் தள்ளிவிட்ட நண்பர்கள் எனக்குப் பலர். அந்த வட்டுகளில் சிலவற்றை நான் கேட்டு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே கெட்டவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றில் தேயிலை மேல் குற்றமே இல்லை. ஊறவைத்த நேரமும் வைத்திருந்த இடமும்தான் அதை அப்படி ஆக்கியிருந்தன. இவ்வளவு நல்ல பொருள் குப்பைக்குப் போகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் ஈப்போவில். இங்கே சீன உணவகத்தில் உட்கார்ந்தால் "போ லெய்" என்று கேட்டு வைக்கும் கறுத்த தேநீர் இதுதான். சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் மாகாணத்தில் விளையும் பெரிய இலைத் தேயிலையிலிருந்து செய்கிறார்கள். அஸ்ஸாமில் விளைவதும் இதே பெரிய இலை வகைதான். பறித்த இலையை வாட்டி, சூடான இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் உருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகு ஆவியில் நெகிழ்த்தி வட்டாகவோ கிண்ணமாகவோ செங்கல்லாகவோ அழுத்துகிறார்கள். வழக்கமான வட்டு 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மட்டையில் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு, ஏறக்குறைய இரண்டரை கிலோ.

நம் வீட்டு டீத்தூளையும் புளிக்க வைத்தது என்று சிலர் சொல்வார்கள். அங்கே நடப்பது இலையின் சொந்த நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. பூஅரில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதற்கும் தோசை மாவு பொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கையில் இருப்பது எது?

இது தெரியாமல் கீழே எதையும் படிக்க வேண்டாம். பூஅரில் இரண்டு சாதி உண்டு. ஷெங் என்பது பச்சை. அழுத்தி வைத்துவிட்டு ஆண்டுக் கணக்கில் தானாக மாற விடுவது. ஷௌ என்பது பக்குவப்படுத்தியது. காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடி, அவ்வப்போது கிளறி, ஒன்றரை இரண்டு மாதம் சூட்டில் புழுங்க வைப்பார்கள். குவியலின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். 1973 வாக்கில் குன்மிங் தொழிற்சாலையில் இந்த முறையை உருவாக்கினார்கள். பல ஆண்டுகள் எடுக்கும் மாற்றத்தைச் சில வாரங்களில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

உறையைப் படிக்கத் தெரியாவிட்டால் ஒரு கோப்பை போட்டுப் பாருங்கள். டிகாஷன் போலக் கருஞ்சிவப்பாக இறங்கினால் பெரும்பாலும் ஷௌ. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இறங்கினால் ஷெங். சந்தேகம் என்றால் ஊறிய இலையை விரலால் விரித்துப் பாருங்கள். ஷெங் இலை ரப்பர் போல நெகிழ்ந்து விரியும், நரம்பு தெரியும். ஷௌ இலை கறுத்து விறைப்பாக இருக்கும், கசக்கினால் குழையும்.

அடிப்படை அளவு

ஐந்து கிராம் இலை, நூறு மில்லி தண்ணீர், நன்றாகத் தளதளவென்று கொதித்தது. முதலில் ஊற்றிய தண்ணீரைப் பத்து விநாடியில் கொட்டிவிடுங்கள். இது இலையைக் கழுவி எழுப்புவதற்கு. இரண்டாவது ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துக் குடிக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து பத்து விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே இலையில் எட்டுப் பத்துக் கோப்பை வரும். சமையலறையில் கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண் மதிப்பில் போட்டால், அழுத்திய இலையும் உதிரி இலையும் ஏமாற்றிவிடும். ஒரு கட்டைவிரல் அளவு வட்டுத் துண்டே ஐந்து கிராமுக்கு மேல் வந்துவிடும்.

பாத்திரத்துக்கு மூடி போட்ட கிண்ணமோ சின்னக் கெண்டியோ போதும். இனி வருவதெல்லாம் இந்த அளவை ஒருமுறை செய்து பார்த்தும் சரியாகவில்லை என்பவர்களுக்கு.

மீன் சந்தை வாடை வருகிறது

ஷௌவில்தான் வரும். குவியலில் புழுங்கிய வாடை அது, குறிப்பாகத் தயாராகிச் சில மாதங்களே ஆன சரக்கில். சிலருக்கு மீன், சிலருக்கு ஈரச் சாக்கு, சிலருக்கு மாட்டுத் தொழுவம் என்று தோன்றும். இதற்காகத் தூக்கி எறிய வேண்டாம்.

இப்போதே குடிக்க வேண்டும் என்றால் ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை கழுவிக் கொட்டுங்கள். மூன்றாவது கோப்பையிலிருந்து வாடை குறைந்து, மரமும் பேரீச்சையும் கலந்த மாதிரி ஒரு இனிப்பு எழும். பொறுக்க முடியும் என்றால், நாற்பது ஐம்பது கிராமை உதிர்த்து, மெருகு பூசாத மண் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மூன்று நான்கு வாரம் நிழலில் விட்டுவிடுங்கள். புது ஜாடியாக இருக்க வேண்டும். ஊறுகாய் இருந்த ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்கு ஆகாது. நான் இப்படித்தான் எப்போதும் ஒரு ஜாடி வைத்திருப்பேன். வட்டிலிருந்து நேரே போட்ட கோப்பையையும் ஜாடியில் ஒரு மாதம் இருந்ததன் கோப்பையையும் அடுத்தடுத்துக் குடித்தால் இரண்டும் ஒரே இலை என்று நம்புவது கஷ்டம்.

மூன்று நான்கு ஆண்டுகள் கடந்த ஷௌவிலும் மீன் வாடை விடாமல் வந்தால் சரக்கு மட்டமானது. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடுங்குகிறது

இது பெரும்பாலும் இளம் ஷெங். முதல் கேள்வி: எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்? நாம் டீத்தூளைக் கொதிக்க விட்டுப் பழகியவர்கள், மூன்று நிமிடம் நமக்கு ஒன்றுமே இல்லை. ஐந்து கிராம் ஷெங்கை மூன்று நிமிடம் நூறு மில்லியில் விட்டால் வேப்பிலைக் கஷாயம்தான். பத்து விநாடி என்றால் பத்து விநாடியேதான். மனதுக்குள் எண்ணுங்கள், பத்து வந்ததும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். அடியில் மிச்சம் நிற்கும் தண்ணீர் அடுத்த கோப்பைக்குள் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். கெண்டியின் மூக்கில் இலை அடைத்து வடிய நேரமானாலும் இதே கதை. அப்போது வடிகட்டியை மாற்றுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் கசந்தால் இலையை மூன்றரை கிராமுக்குக் குறையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கொதித்த தண்ணீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். இதைக் கடைசியாகச் சொல்லக் காரணம் உண்டு. தண்ணீரை ஆறவிட்டால் கசப்போடு மணமும் குறைந்துவிடும்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நல்ல ஷெங்கில் கசப்பு நாக்கில் பட்டுச் சில விநாடியில் கரைந்து தொண்டையில் இனிப்பாகத் திரும்பும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த மாதிரி. யுன்னானில் இதற்காகவே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கசப்பு வந்த இடத்திலேயே உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் போகவில்லை என்றால்தான் அது குறை.

சப்பென்று இருக்கிறது

வட்டுத் துண்டு இன்னும் உள்ளே விரியாமல் கட்டியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். மேல் இலை மட்டும் ஊறி நடு காய்ந்து கிடக்கும். கழுவிய பிறகு தண்ணீர் இல்லாமல் மூடி ஒரு நிமிடம் வைத்தால் ஆவியில் நெகிழ்ந்துவிடும். அடுத்து, தண்ணீர் நிஜமாகவே கொதித்ததா என்று பாருங்கள். பிளாஸ்கில் இருந்த வெந்நீர் பூஅருக்குப் போதாது. மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கெண்டியை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, நேரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

எட்டாவது ஒன்பதாவது கோப்பையில் சப்பென்று ஆனால் இலை களைத்துவிட்டது. அதை எறியாமல் ஒரு பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் அடுப்பில் கொதிக்க விடுங்கள். பழைய ஷௌவில் அந்தக் கடைசிக் கொதி தனி ருசி.

கலங்கலாக இருக்கிறது, மேலே படலம் மிதக்கிறது

இரண்டும் வேறு வேறு. புது ஷௌ சில மாதங்கள் கலங்கலாகத்தான் இறங்கும், நாளானால் தெளியும். வட்டை உடைக்கும்போது தூளானாலும் கலங்கும். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதந்து, கோப்பை ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டால் தண்ணீர் கடினமானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அடிக்கடி பார்க்கலாம். அதே இலையை ஒருமுறை கேன் தண்ணீரில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முந்தின இரவே பிடித்துத் திறந்து வையுங்கள்.

வெள்ளையாக, மஞ்சளாக, பச்சையாக ஏதோ தெரிகிறது

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். இங்கே தவறு செய்தால் நல்ல தேயிலை வீணாகும், இல்லை என்றால் உடம்பு கெடும்.

வட்டை ஜன்னல் ஓரத்துக்கு எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சம் வேண்டும், டியூப் லைட் ஆகாது. சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஷெங் வட்டில் வெள்ளி நிறத்தில் நீள நீளமாகத் தெரிவது தளிர் மொட்டு. அதன் மேல் பட்டு மாதிரி மெல்லிய முடி இருக்கும். அது இலையோடு பிறந்தது, விரலால் தேய்த்தால் வராது. ஷௌவில் அதே மொட்டுகள் தங்க மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ தெரியும். இதைப் பூசணம் என்று நினைத்து விலை உயர்ந்த ஷௌ ஒன்றைத் தூக்கிப் போட இருந்த நண்பரைக் கடைசி நிமிடத்தில் தடுத்திருக்கிறேன். மொட்டுக்கு வடிவம் உண்டு. நுனி கூர்ந்து, அடி அகன்று, தனித்தனியாகக் கிடக்கும்.

பூசணத்துக்கு அந்த மாதிரி வடிவம் கிடையாது. பஞ்சு மாதிரி, சிலந்தி வலை மாதிரி, இலைக்கு இலை தாண்டிப் படர்ந்திருக்கும். ஊதினால் தூசி பறக்கும், விரலில் ஒட்டும். மூக்கருகில் கொண்டுபோனால் மழைக்காலத்தில் மூடிக் கிடந்த அறையின் வாடை அடிக்கும், மூக்கில் உறைக்கும். பச்சை, நீலம், கறுப்பு, பஞ்சு மாதிரியான மஞ்சள், இவற்றில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் எறியுங்கள். சுரண்டிவிட்டு மீதியைக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வேர் உள்ளே போயிருக்கும். கொதிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பதும் தவறு. கொதியில் பூசணம் சாகலாம், ஆனால் சில பூசணங்கள் விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் போன்ற நச்சு அந்தச் சூட்டுக்கு அழியாது.

மெல்லிய வெள்ளைப் பொடி மட்டும் மேலாகப் படிந்திருந்தால்? ஈரமான கிடங்கில் வைத்துப் பழக்கிய சரக்கில் இது வருவதுண்டு. ஹாங்காங் கிடங்குச் சரக்கில் அனுபவமுள்ளவர்கள் இதைத் துடைத்து, காற்றாட விட்டுக் குடிப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குடிக்க வேண்டாம். பார்த்துப் பழகிய கண் வேண்டும், அதற்கு நாளாகும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. ஹுனான் மாகாணத்து அன்ஹுவாவிலிருந்து வரும் ஃபூ செங்கல் தேயிலை. அது பூஅர் இல்லை, ஆனால் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் அதே கறுப்புத் தேயிலைக் குடும்பம் (நம் வீட்டு டீத்தூள் வகை இல்லை). அதை உடைத்தால் உள்ளே கசகசா தூவின மாதிரி மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சீனர்கள் இதைத் தங்கப் பூ என்கிறார்கள். யூரோடியம் கிறிஸ்டேட்டம் என்ற பூஞ்சையை வெப்பமும் ஈரமும் அளந்து வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். புள்ளி அதிகம் இருந்தால்தான் மதிப்பு. கவனிக்க வேண்டியது, அது துண்டின் உள்ளே மணி மணியாக இருக்கும். உங்கள் பூஅர் வட்டின் வெளிப்பக்கத்தில் போன மாதம் இல்லாமல் இந்த மாதம் முளைத்த மஞ்சளைத் தங்கப் பூ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காகித உறையில் மட்டும் ஒழுங்கில்லாத ஓட்டைகள் இருந்து இலை சுத்தமாக இருந்தால் அது இராமபாணப் பூச்சி. உறையை மாற்றி, வட்டை மென்மையான தூரிகையால் தட்டி, வேறு இடத்தில் வையுங்கள். மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

வட்டை உடைக்க முடியவில்லை, உடைத்தால் தூளாகிறது

அம்மிக் குழவியால் தட்டியவர்களையும் கத்தியை நேராகக் குத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். இலை நொறுங்கினால் கசப்பு சீக்கிரம் இறங்கும், கலங்கும். அதைவிட முக்கியம், கை கிழியும்.

வட்டைத் திருப்பிப் பின்பக்கம் மேலாக வையுங்கள். நடுவில் ஒரு குழி இருக்கும். அழுத்தும்போது துணிப்பையை முறுக்கிய முடிச்சு விட்ட தடம் அது. கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசியை ஓரத்திலிருந்து படுக்கைவசமாக, இலை அடுக்குக்கு இணையாக ஒரு அங்குலம் நுழையுங்கள். வெளியே எடுத்துப் பக்கத்தில் இன்னொரு முறை. நாலைந்து முறை நுழைத்த பிறகு மெல்ல நெம்பினால் ஒரு அடுக்கு பூரி உப்பி வருகிற மாதிரி எழும். அந்த அடுக்கை விரலால் பிரித்தால் இலை முழுசாக வரும். வட்டைப் பிடித்திருக்கும் கை எப்போதும் ஊசியின் பின்னால் இருக்க வேண்டும், அதன் பாதையில் இருக்கக் கூடாது.

பின்பக்கத்தில் குழி இல்லாமல் தட்டையாகச் சின்னப் புள்ளிப் புடைப்புகளோடு இருந்தால் அது இரும்பு அச்சில் அழுத்தியது. ஷியாகுவான் தொழிற்சாலை வட்டுகளில் பார்க்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். இட்லிப் பானை ஆவியில் இரண்டு நிமிடம் காட்டினால் நெகிழும். ஆனால் அப்படிப் பிரித்த இலையை விரித்து எலும்பு போல உலரவிட்ட பிறகே எடுத்து வைக்கலாம். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் மேலே சொன்ன பூசணப் பகுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சாம்பிராணி வாசம், மசாலா வாசம் வருகிறது

தேயிலை சுற்றியுள்ள வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும், அழுத்திய வட்டும் அப்படித்தான். ஒருமுறை நல்ல ஷெங் வட்டு ஒன்றைச் சாமி அலமாரிக்கு மேல்தட்டில் வைத்தேன், உலர்ந்த இடம் என்ற எண்ணத்தில். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி முழுக்க அதில் குடியேறியிருந்தது. ஆறு மாதம் காற்றாட விட்டதில் முக்கால்வாசி போனது. பெருங்காயமும் பாச்சை உருண்டையும் இதைவிட மோசம், அந்த வாசம் ஏறிய வட்டை நான் மீட்டதே இல்லை. சமையலறை, பூஜை அறை, துணி அலமாரி மூன்றும் வேண்டாம். ஷெங்கையும் ஷௌவையும்கூட ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஒன்றின் மணம் மற்றதில் ஏறும்.

புளிக்கிறது

லேசான புளிப்பு சில ஷௌவில் இயல்பு. நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கும் அளவு புளித்தால், குவியலில் ஈரம் மிஞ்சியிருக்கலாம், இல்லை கிளறியது போதாமல் இருந்திருக்கலாம். காற்றாட விட்டால் கொஞ்சம் தணியும், முழுதும் போகாது. ஆனால் முதலில் உங்கள் கெண்டியைச் சோதியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஊறிய இலையை இரவு முழுக்கக் கெண்டியில் விட்டால் மறுநாள் புளிக்கத்தான் செய்யும், அதைக் குடிக்கவும் கூடாது.

ஆண்டுகள் போகின்றன, ஷெங் மாறவே இல்லை

தேயிலை மாறுவதற்குக் கொஞ்சம் காற்று, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் வெப்பம் மூன்றும் வேண்டும். பிளாஸ்டிக் உறையில் காற்றை உறிஞ்சி மூடி வைத்தாலோ, ஃபிரிட்ஜில் வைத்தாலோ, எந்நேரமும் ஏசி ஓடும் அறையில் வைத்தாலோ அப்படியே நின்றுவிடும். சீனாவிலேயே இந்த வித்தியாசம் தெரியும். உயரமான, உலர்ந்த குன்மிங்கில் மெதுவாக மாறும். ஈரமான குவாங்டோங்கிலும் ஹாங்காங்கிலும் வேகமாகக் கறுக்கும். மலேசியாவில் வைத்துப் பழகிய சரக்குக்கும் தனியாக ஆட்கள் உண்டு. ஈப்போ இருக்கும் எங்கள் கிந்தா பள்ளத்தாக்குக்கு இந்த வழக்கம் புதிதல்ல. வெள்ளீயச் சுரங்கத்தில் வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர்களுக்காகக் குவாங்ஷியின் வூச்சோவிலிருந்து லியூ பாவ் என்ற கறுப்புத் தேயிலை கூடை கூடையாக வந்து இறங்கியது. பழைய கடைகளில் மிஞ்சிய அந்தக் கூடைகளுக்கு இன்று பெரிய விலை.

காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், வெப்பம் 20 முதல் 30 டிகிரி, இது நல்ல இடம். 80ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசண அபாயம். சின்ன ஈரப்பதமானி ஒன்றை வட்டோடு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டியதில்லை. நான் மாடியில், வெளிச்சுவரைத் தொடாமல், அச்சு வாசம் இல்லாத அட்டைப் பெட்டியில் வைக்கிறேன், அடைமழை மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். சென்னை, நாகை, தூத்துக்குடிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். மதுரை, கோவைக் கோடையில் சிக்கல் வேறு மாதிரி, வட்டு காய்ந்து மணம் அடங்கிவிடும். அங்கே மெருகிடாத மண் பானையும் மூடியும் நல்லது. வெயில் மட்டும் எங்கேயும் படக் கூடாது.

ஷௌ பெரிதாக மாறாது. நாலைந்து ஆண்டில் மென்மையாகும், அவ்வளவுதான்.

வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை

இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். இரவில் குடிக்கவே வேண்டாம். ஷௌ வயிற்றுக்கு இதமாக இருப்பதால் காஃபீன் இல்லை என்று நினைக்கிறார்கள், இருக்கிறது. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். முற்றிய இலையில் செய்த மட்டமான செங்கல் தேயிலையில் ஃபுளோரைடு அதிகம். திபெத்திலும் மங்கோலியாவிலும் அதை நாள் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடித்ததில் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு உள்ள ஊர்க்காரர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. உடம்பு இளைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், அந்தக் கணக்கில் வாங்க வேண்டாம்.

பால் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஷௌவில் ஊற்றலாம், நன்றாகவே சேரும். ஷெங்கில் வேண்டாம்.

உறையில் 7542 என்று இருக்கிறது, 1975 சரக்கா?

இல்லை. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். முதல் இரண்டு எண் அந்தக் கலவை உருவான ஆண்டு. மூன்றாவது எண் இலையின் தரம், நான்காவது தொழிற்சாலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 ஷியாகுவான். ஆகவே 7542 என்றால் 1975இல் வகுத்த கலவையில் மெங்ஹாய் செய்த ஷெங். போன ஆண்டு அழுத்தியதிலும் அதே எண்தான் இருக்கும். 7572 அதே தொழிற்சாலையின் ஷௌ. பழைய உறைகளில் தயாரித்த தேதி இருக்காது என்பதால் வயதைச் சொல்லி விலை ஏற்றுவது சுலபம். 2007இல் சீனாவில் பூஅர் விலை தாறுமாறாக ஏறி, அதே ஆண்டு சரிந்தது. அந்த வேகத்தில் வந்த சரக்கில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கிறது.

முப்பது வயது ஷெங் என்று சொல்லி மஞ்சளாக இறங்கினால் கதை பொருந்தவில்லை. அவ்வளவு பழையது செம்பழுப்பாக, தெளிவாக இறங்கும். பழையது என்று சொல்லிக் கருஞ்சிவப்பாக இறங்கி, ஊறிய இலை விரலில் குழைந்தால், ஷௌவைப் பழைய ஷெங் என்று விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பத்து கிராம் மாதிரி கேளுங்கள். ஐந்து கிராம் கணக்கில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள், இலையை விரித்துப் பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.